வேலையை விட்டவர்கள்

பிப்ரவரி 3

புள்ளிக்கு,

'அன்புள்ள' என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். மேலே இருக்கும் மைக்கறை அதுதான்.

நேற்றிலிருந்து நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய். நான் எடுக்கப்போவதில்லை. எடுத்தால் நான் கத்துவேன், நீ அழுவாய், நடுவில் உங்கண்ணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்பார். கடைசியில் யார் என்ன சொன்னோம் என்பதே யாருக்கும் நினைவிருக்காது. அதனால்தான் காகிதம். எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு யாரும் "நான் அப்படிச் சொல்லலையே" என்று நழுவ முடியாது.

நேற்றுக் காலை அத்தைக்கு மருந்து வாங்கப் போனேன். மருந்துக்கடைக்காரர் பேப்பரை மடித்து என் பக்கம் தள்ளினார். "இது உங்க வீட்டுப் பொண்ணுதானே?" உன் படம். மாநாட்டு மேடையில் எடுத்தது போல, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு. மேலே கொட்டை எழுத்தில், 'பராமரிப்பு உதவித்தொகை பெண்களை வீட்டில் உட்கார வைக்கிறது: ஆய்வில் அம்பலம்'. கீழே அமைச்சர் சொல்லியிருக்கிறார், அரசாங்கம் ஒன்றும் சோம்பேறி மடம் நடத்தவில்லையாம். ஜூன் மாதத்தோடு தொகையை நிறுத்தப் போகிறார்களாம்.

எனக்குப் பின்னால் வரிசையில் தையற்கடை அக்கா நின்றிருந்தார். சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறாரே, அவருடைய மனைவி. என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "உங்க நாத்தனாரா எழுதினாங்க? ஒருநாள் வந்து எங்க வீட்டுக்காரரைப் பாத்துட்டு எழுதியிருக்கலாமே" என்றார். சண்டைக்கு வந்திருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். மருந்தை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். உன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது பக்கம் அசையாது, பேச்சு ஒன்றிரண்டு சத்தமாகச் சுருங்கிவிட்டது. நான் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த உதவித்தொகையில்தான் மதியம் வரை உதவிக்கு ஒரு பெண் வருகிறாள். அவள் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நான் குளிப்பது, கடைக்குப் போவது, மனுஷியாக இருப்பது எல்லாம்.

ஒரே கேள்வி. அதை நீ எழுதினாயா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று. சுற்றி வளைக்காதே.

அண்ணி


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

ஆமாம், இல்லை, இரண்டும்தான். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

உதவித்தொகை சில மாவட்டங்களுக்கு முதலில் வந்தது, சிலவற்றுக்கு இரண்டு வருடம் தள்ளி வந்தது. நாங்கள் அந்த இரண்டையும் ஒப்பிட்டோம். முதலில் வந்த இடங்களில் படுக்கையில் இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள். அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை, படுக்கைப்புண் குறைந்திருக்கிறது. அதே இடங்களில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களில் நிறையப் பேர் வேலையை விட்டுவிட்டார்கள். விட்டவர்களில் மிகச் சிலர்தான் திரும்பிப் போயிருக்கிறார்கள். இரண்டையும் அறிக்கையில் எழுதினேன். 'சோம்பேறி' என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அமைச்சகம் எங்கள் அறிக்கையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, இரண்டாவது விஷயத்தை மட்டும் உருவி, தாங்களே ஒரு சுருக்கம் எழுதி வெளியிட்டுவிட்டார்கள்.

முழு அறிக்கை வெளிவரும்வரை நான் வெளியே பேசக்கூடாது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேசினால் எங்கள் நிறுவனத்துக்கு இனி அரசாங்க வேலை எதுவும் வராது. கொஞ்சம் பொறுங்கள்.

இன்னொன்று. நீங்கள் இதை உங்களைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கணக்கில் நீங்கள் இல்லை அண்ணி. உங்கள் நிலைமை வேறு.

அம்மா சாப்பிடுகிறாரா?

புள்ளி


பிப்ரவரி 13

புள்ளிக்கு,

பெரும்புள்ளி என்றே எழுதியிருக்க வேண்டும். புள்ளியியல் படிக்கப் போகிறாள் என்று ஆசையாக நான்தான் உனக்கு அந்தப் பெயரை வைத்தேன்.

நான் கணக்கில் இல்லையா? அப்படியானால் நான் யார்? நகரத் தண்ணீர் ஆய்வகத்தில் இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரை எல்லாம் பாட்டில் பாட்டிலாக வாங்கி, கிருமி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவள். நான் கையெழுத்துப் போடாமல் மேட்டுத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு இறங்காது. மழைக்காலத்தில் ஒருமுறை மாதிரி சரியில்லை என்று நான் தொட்டியை மூடச் சொன்னபோது, மேலதிகாரி என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கெஞ்சினார். மூடித்தான் ஆகவேண்டும் என்றேன். மூடினார்கள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்தவள் நான். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், தொகை வந்தது, விட்டேன், திரும்பவில்லை. உன் கணக்கில் நான் இல்லையென்றால் வேறு யார் இருக்கிறார்கள்?

எங்கள் நிலைமை வேறு என்று எழுதினாயே, எந்த வகையில் வேறு? படுக்கையில் இருப்பது உன் அம்மா என்பதால் வேறா?

ஏப்ரலில் சட்டசபைக் குழு தலைநகரில் பொது விசாரணை வைக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பேசலாமாம். தையற்கடை அக்கா, நான், இன்னும் நாலைந்து பேர் வருகிறோம். உன் பெயரைச் சொல்லித்தான் பேசப் போகிறேன். இதை உங்கண்ணனிடம் சொன்னேன். எழுந்து போய், ஒழுகாத குழாயை ரொம்ப நேரம் ரிப்பேர் செய்தார்.

உன் அம்மா சாப்பிடுகிறார். நான் ஊட்டினால் சாப்பிடுகிறார்.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணி,

தயவுசெய்து விசாரணைக்கு வராதீர்கள். வந்தே தீருவேன் என்றால், நாம் உறவு என்பதை மட்டும் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நேற்று இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. "உங்க வீட்லயே இந்தத் தொகை வாங்கறாங்களாமே? ஆரம்பத்துலயே சொல்லியிருக்க வேண்டாமா?" என்று கேட்டார். ஆய்வில் எந்தக் குடும்பம் வரும் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத்தான் தேர்ந்தெடுத்தோம். நம் வீடு அதில் வரவில்லை. அதனால் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் இனி என்ன சொல்வார்கள் தெரியுமா? வீட்டுக்கு வரும் பணத்துக்காகத் தொகையை உயர்த்தி எழுதினாள் என்பார்கள். அறிக்கையில் தொகைக்குச் சாதகமாக இருக்கும் பக்கங்களை எல்லாம் இந்த ஒரே காரணத்தைச் சொல்லிக் குப்பையில் போட்டுவிடலாம். மிச்சம் இருப்பது அந்தச் சுருக்கம் மட்டும்தான். உங்கள் கோபம் உங்கள் தலையிலேயேதான் வந்து விழும்.

இது வெளியே தெரிந்தது எப்படி? நம் ஊரிலிருந்து யாரோதான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் யாரிடமாவது பேசினீர்களா?

புள்ளி


பிப்ரவரி 27

புள்ளிக்கு,

நான்தான் பேசினேன். மென்று முழுங்க எனக்கு ஒன்றும் இல்லை.

பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். அப்போது நான் அத்தையை ஒருக்களித்துப் படுக்கவைக்க ஒரு கையால் இடுப்பையும் ஒரு கையால் தோளையும் பிடித்திருந்தேன். வாசலில் நின்றபடி, "இந்த ஆய்வைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்றாள். "எழுதினவளோட அம்மாவைத்தான் புரட்டிட்டிருக்கேன், கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிங்க" என்றேன். வந்து பிடித்தாள், பாவம். அதற்கப்புறம் அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பேப்பரில் இன்னும் ஒன்றும் வரவில்லை, உங்கள் அலுவலகத்தில் விசாரித்தது அவளாகத்தான் இருக்கும். இதனால் உன் வேலைக்கு ஆபத்து வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்றால், சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. பொய் எழுத மனம் வரவில்லை.

உதவிக்கு வந்த பெண் நின்றுவிட்டாள். "ஜூனோட நின்னுடும்னு எல்லாரும் சொல்றாங்க அக்கா. கடைசி நேரத்துல நான் எங்க போய் வேலை தேடுவேன்?" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தொகை இன்னும் நிற்கவில்லை, நிற்கப்போகிறது என்ற பேச்சே ஆளை விரட்டிவிட்டது. உன் அறிக்கையில் இதற்கு ஏதாவது பக்கம் இருக்கிறதா?

நான் ஒருத்தியாகப் புரட்டி மாளவில்லை. அத்தையின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, இப்போது புண்ணாகிவிட்டது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. உங்கண்ணன் பஸ் டிப்போவில் லீவு போட்டுவிட்டு வந்து, கதவோரம் நின்று பார்த்து, வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. டாக்டர் நாளைக்கு வருகிறார்.

உன்னை வரவழைப்பதற்காக எழுதவில்லை. தெரியவேண்டும் என்று எழுதுகிறேன்.

அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனிடம் பேசினேன். புண் ஆழமாகப் போகவில்லை என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்ட பிறகுதான் சாப்பாடு இறங்கியது. உடனே கிளம்பி வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று சொல்கிறேன்.

என்னைக் கட்டாய விடுப்பில் அனுப்பிவிட்டார்கள், ஆனால் எப்போது கூப்பிட்டாலும் வர இங்கேயே இருக்கவேண்டுமாம். என் மேசையில் இப்போது வேறொருவர் இருக்கிறார். இயக்குநர் ஒரு வழி சொன்னார். அமைச்சகத்தின் சுருக்கம் எங்கள் ஆய்வைச் சரியாகச் சொல்கிறது என்று ஒரே ஒரு பத்தி. அதில் இந்த மாதம் முடிவதற்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் விடுப்பு ரத்து, உறவு விஷயமும் கோப்புக்குள் உறங்கிவிடும். "நீ ஒண்ணும் பொய் சொல்லலையே. அதுல இருக்கற ஒவ்வொரு வரியும் உன் அறிக்கையில இருக்கறதுதானே" என்கிறார். அதுதான் அண்ணி கொடுமை. ஒவ்வொரு வரியும் உண்மைதான்.

அதில் இல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். ஒப்பந்தம் எனக்குத் தடை போட்டாலும் சொல்கிறேன். அறிக்கையின் நான்காம் அத்தியாயம். சில ஊர்களில் நகராட்சிகள் தாங்களாகவே பகல்நேரப் பராமரிப்பு நிலையம் நடத்துகின்றன. காலையில் கொண்டுபோய் விட்டால், மாலையில் அழைத்துவரலாம். அந்த ஊர்களிலும் பெண்கள் இதே தொகையைத்தான் வாங்கினார்கள். ஆனால் அங்கே பாதிக்கு மேல் பெண்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அப்படியானால் அவர்களை வீட்டில் உட்கார வைத்தது பணம் இல்லை. போவதற்கு வேறு வழியே இல்லாமல் பணத்தை மட்டும் கையில் கொடுத்ததுதான் உட்கார வைத்தது. நிலையம் கட்ட அரசாங்கத்துக்குச் செலவாகும், தொகையை நிறுத்தினால் மிச்சமாகும். அதனால் நான்காம் அத்தியாயம் யார் கண்ணிலும் படவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கான பெண்களிடம் வேலையை விட்டீர்களா, எப்போது விட்டீர்கள் என்று கேட்டோம். விரும்பித்தான் விட்டீர்களா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

கையெழுத்தைப் பற்றி என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

புள்ளி


மார்ச் 12

புள்ளி,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். அத்தை தூங்கும்போது எழுதி, முழித்ததும் மடித்து வைத்து, மறுபடி எடுத்து.

இல்லை. விரும்பி விடவில்லை.

அந்தச் சாயங்காலம் உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. அத்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மறுவாரம். உங்கண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ போனில் இருந்தாய், ஸ்பீக்கரில். யாரும் "நீ வேலையை விடு" என்று சொல்லவில்லை. அப்படி ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை, அதுதான் சாமர்த்தியம். அவர், "என் டிப்போவில லீவே கிடைக்காது" என்றார். நீ, "என் ஆராய்ச்சி இந்த வருஷம்தான் முடியும்" என்றாய். அப்புறம் நீ, "அண்ணி ரொம்பப் பொறுப்பானவங்க" என்றாய். அவ்வளவுதான். ஒரு வேலையைக் காலி செய்ய அந்த ஒரு பாராட்டு போதுமாக இருந்தது.

முதலில் சம்பளமில்லா விடுப்புதான் போட்டேன். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் உதவித்தொகை வந்தது. வந்ததும் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. "அதான் பணம் வருதே" என்றார்கள். அதற்கு முன்னாலாவது 'என்னால் முடியாது' என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. பணம் வந்த பிறகு அதுவும் போய்விட்டது. அந்தப் பணம் இல்லாவிட்டால் அத்தை இன்று உயிரோடு இருந்திருக்கமாட்டார், அதுவும் உண்மை. நீ எழுதியது போல இரண்டும் உண்மைதான். அதை நீ ஒரு வரியில் எழுதிவிட்டாய். நான் அதற்குள்ளே நான்கு வருடமாகக் குடியிருக்கிறேன்.

பேப்பரைப் பார்த்து எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. நீ தப்பாக எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். போடு என்றும் சொல்லமாட்டேன், போடாதே என்றும் சொல்லமாட்டேன். ஒருத்தி வேலையை விட வேண்டுமா வேண்டாமா என்பதை மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கு அதை நான் செய்யமாட்டேன்.

விசாரணைக்கு வருகிறேன். உறவைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 17

அன்புள்ள புள்ளி,

நேற்று உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். உன்னைச் சுற்றிக் கேமராக்காரர்கள் நின்றிருந்தார்கள். தையற்கடை அக்கா, பஸ் போய்விடும் என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அத்தையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த உங்கண்ணனோ, "கஞ்சி எவ்வளவு தண்ணியா இருக்கணும்?" என்று நாலாவது தடவையாகப் போன் செய்துகொண்டிருந்தார்.

நீ என்ன பேசினாய் என்பது உனக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்து உன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என்ன தெரிந்தது என்று எழுதுகிறேன்.

நீ கையெழுத்துப் போட்டாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கக்கூடாது என்று வீம்பாக இருந்துவிட்டேன். உன் பெயரைக் கூப்பிட்டதும் எல்லார் தலையையும் தாண்டி எட்டிப் பார்த்தேன். உங்கள் இயக்குநர், பக்கத்தில் யாரோ காட்டினார்கள், முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். உன்னைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் நீ போடவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நீ எழுந்ததும் முதலில் சொன்னது ஆய்வைப் பற்றி இல்லை. "என் குடும்பமும் இந்தத் தொகையை வாங்குது. என் அம்மா படுக்கையில இருக்காங்க. அவங்களைப் பார்த்துக்கறவங்க இந்த அறையிலதான் இருக்காங்க, என் அண்ணி. இதை நான் ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும். இதைக் கேட்டுட்டு என் பேச்சை ஒதுக்கணும்னு நினைக்கறவங்க ஒதுக்கிக்கலாம். ஆனா நான்காம் அத்தியாயத்தை வாங்கிப் படிச்சிட்டு ஒதுக்குங்க" என்றாய். காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அதைப் பார்க்காமலே மிச்சத்தைப் பேசினாய்.

அந்த மொட்டைத்தலை உறுப்பினர் என்னை எழுப்பி, "தொகையை நிறுத்தினா நீங்க வேலைக்குப் போவீங்களாம்மா, மாட்டீங்களா?" என்று கேட்டாரே, அவர் வைத்த பொறி எனக்குப் புரிந்தது. போவேன் என்றால் நிறுத்திவிடுவார்கள். மாட்டேன் என்றால் சோம்பேறி. "ஐயா, நிறுத்தினா நான் இவங்க அம்மாவை எங்க விட்டுட்டுப் போகணும்னு நீங்க சொல்லுங்க, நாளைக்கே போறேன்" என்றேன். அவர் தண்ணீர் குடித்தார். அப்போது நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோபத்தில் இல்லை. அழுதுவிடுவேன் என்று பயம்.

உனக்கு வேலை இருக்கிறதா?

அண்ணி


மே 21

அன்புள்ள அண்ணிக்கு,

வேலை இல்லை. விசாரணை முடிந்த மறுவாரமே, ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லி என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். உங்களுக்கு உடனே எழுதாததற்குக் காரணம், குழுவின் முடிவு வந்ததும் அதோடு சேர்த்து எழுதலாம் என்று காத்திருந்ததுதான். நேற்று வந்தது.

தொகை நிற்காது. ஜூனுக்குப் பிறகும் தொடரும். நான்காம் அத்தியாயம் முழுதாகக் குழுவின் பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி யாரும் மறைக்க முடியாது. பகல்நேர நிலையங்களைச் சில ஊர்களில் முதலில் தொடங்கிப் பார்க்கப் போகிறார்கள்.

அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன், பிறகு கீழிருந்து மேலே படித்தேன். நம் ஊர் இல்லை.

அதனால் ஒன்று சொல்கிறேன், யோசித்துத்தான் சொல்கிறேன். நான் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் ஆய்வகத்தில் மறுபடி ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று அண்ணன் சொன்னார். நீங்கள் விண்ணப்பித்துவிடுங்கள்.

புள்ளி


மே 27

புள்ளிக்கு,

உங்கண்ணன் வாயில் எதுவும் நிற்காது.

ஆள் எடுப்பது உண்மை. ஆனால் இவ்வளவு வருடம் விட்டவள் நேராகப் போய் உட்கார முடியாது. வேறு ஊரில் மூன்று மாதப் பயிற்சி, அதற்குப் பிறகு தேர்வு. தேறினால்தான் வேலை.

உன்னை நம்பவில்லை என்று நினைக்காதே. நம்பப் பயமாக இருக்கிறது. நீ இப்போது வேலை போன வேகத்தில் இருக்கிறாய். நாளைக்கே எங்காவது பெரிய இடத்திலிருந்து கூப்பிடுவார்கள். பாதியில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தால், அதற்கப்புறம் இன்னொரு தடவை கிளம்ப எனக்குத் தெம்பு இருக்காது. அதனால் முன்னாலேயே சொல்லிவிடு. மூன்று மாதம், யார் கூப்பிட்டாலும், இருப்பாயா?

எனக்காக வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே. அவர் உன் அம்மா.

இன்னொன்று. நான் விட்ட இடத்தில் நீ வந்து உட்கார்ந்தால், ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி, அவ்வளவுதான். இந்தத் தடவை உங்கண்ணனும் கணக்கில் வரவேண்டும். கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். மிச்சத்தையும் கற்றுக்கொள்வார்.

அண்ணி


செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் தேறிவிட்டதாக அண்ணன் டிப்போவிலிருந்து கத்திய கத்தில் போனே தேவைப்பட்டிருக்காது. பயிற்சி ஊரிலிருந்து நேராக ஆய்வகத்தில் சேரச் சொல்லிவிட்டார்கள், முதல் இரண்டு வாரம் ஆய்வக விடுதியிலேயே தங்கவேண்டுமாம் என்றும் சொன்னார்.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அது அமைச்சகச் சுருக்கம் போல இருக்கும். முதல் மாதம் நான் அம்மாவைப் புரட்டத் தெரியாமல் புரட்டி, அவர் வலியில் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டார். குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டு, இப்படியே பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்தேன். ஜூலையில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கூப்பிட்டது. நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. முடியாது என்று பதில் எழுதிவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அண்ணன் பயந்து எனக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் கேட்டார், "என்னம்மா, வேலைக்குப் போகலையா? வீட்ல சும்மாதான் இருக்கீங்களா?" கையில் அம்மாவின் துவைத்த விரிப்பு, தோளில் இன்னொன்று. விரிப்புகளைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இத்தனை வருடம் உங்களை இப்படி எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? நானும் போனில் கேட்டிருக்கிறேன், "இப்ப சும்மாதானே இருக்கீங்க" என்று.

இனி எப்படி என்று மூவரும் பேச வேண்டும். அதற்கு முன்னால் நாங்கள் போட்டிருக்கும் திட்டத்தைச் சொல்கிறேன், உங்களுக்குச் சரியில்லையென்றால் கிழித்துவிடலாம். அண்ணன் மாலை ஷிப்ட் வாங்கிவிட்டார், காலையில் அம்மா அவர் பொறுப்பு. உதவிக்கு வந்த பெண் திரும்பி வந்துவிட்டாள், தொகை நிற்காது என்று நம்பிவிட்டாள். எனக்கு இங்குள்ள கல்லூரியில் காலை வகுப்புகள் மட்டும் தருகிறார்கள். சின்ன வேலைதான். மதியத்துக்கு மேல் நான். நீங்கள் ஆய்வகம். ஞாயிற்றுக்கிழமையை யாருக்குத் தள்ளுவது என்று இன்னும் சண்டை முடியவில்லை.

இந்த ஏற்பாடு ஓடும், ஏனென்றால் நாம் மூன்று பேர் இருக்கிறோம். தையற்கடை அக்கா ஒருத்திதான் இருக்கிறார். நம் ஊரையும் நிலையப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவரோடு சேர்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் சுருக்கவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறீர்கள் என்று அண்ணன் சொன்னார். வந்ததும் அம்மாவின் அறைக்குள் ஓடாதீர்கள். களைத்து வருவீர்கள். முதலில் உட்கார்ந்து டீ குடியுங்கள். அன்றைக்கு உங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது.

புள்ளி


செப்டம்பர் 14

அன்புள்ள புள்ளிக்கு,

உன் கடிதத்தை ஆய்வகக் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். கேன்டீன் பையன்கள் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. புதுக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள், தோளில் கொஞ்சம் பெரிசு. மேட்டுத் தொட்டி மாதிரியில் முதல் கையெழுத்துப் போட்டபோது பேனா ஓடவில்லை, உதறி உதறிப் போட்டேன். பிறகு நடைவழிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். சந்தோஷமா என்று கேட்டால் தெரியாது. போன வருடங்களும் அதில் இருந்தன.

உங்கள் திட்டத்தில் எனக்கு இரண்டு இடத்தில் ஆட்சேபம் இருக்கிறது. நேரில் சண்டை போடலாம்.

ஆனால் டீ குடித்துவிட்டுத்தான் அத்தை அறைக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் நடக்காது. நேராக அங்கேதான் போவேன். இத்தனை வருடம் அந்த அறைக்குள் போனபோதெல்லாம் விரிப்பையும் இடுப்பையும் மாத்திரையையும்தான் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்ததாக நினைவே இல்லை.

சனிக்கிழமை வருகிறேன். அத்தையைப் பார்த்துக்கொள்ள இல்லை. பார்க்க.

அண்ணி